அலசாத துணி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. விமானத்தில் அடைத்த காதுதான் இன்னும் திறக்கவில்லை. நீயும் நம் குட்டித் தங்கை ஊசியும் பட்டறைப் பெண்களும் சுகமா? ஊசி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, இல்லை பேச்சிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்கிறாளா?

நம் பட்டறை முதலாளி மேடத்தின் மகன் வீடு எட்டாவது மாடியில் இருக்கிறது. எனக்குக் கொடுத்திருப்பது துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் அறை. படுத்தால் தலைமாட்டில் இயந்திரம், கால்மாட்டில் துடைப்பம். மருமகளுக்கு வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. "பிரசவம் ஆகட்டும், நம்ம போர்வைக் கண்காட்சி முடியட்டும், அப்புறம் கிளம்பிடலாம்" என்கிறார் மேடம். என் பாஸ்போர்ட்டை, "நீ எங்கயாவது தொலைச்சிடுவ" என்று வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். கூடத்தில் டெலிபோன் இருக்கிறது. எண் சுழற்றும் வட்டத்தில் அதற்கும் ஒரு சின்னப் பூட்டு. ஆகவே கடிதம்தான்.

இந்த வாரம் முழுக்கத் துணிக்கடை ஏறி இறங்கினோம். ஒரு கடையில் தரையெல்லாம் கம்பளம். நிறம் நிறமாகத் துணி உருளைகளை அடுக்கியிருக்கிறார்கள். மேடம் இரண்டு நீலங்களுக்கு நடுவே ஒரு காலைப்பொழுதைக் கழித்தார். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கடைக்காரப் பெண் எதற்கு என்று கேட்க, "துண்டு துண்டா வெட்டி, ஒட்டுப் போட்டு, நடுவுல பஞ்சு வெச்சுத் தைப்பேன்" என்று அவள் பாஷையில் சொல்லிவிட்டு, எனக்கும் ஒருமுறை தமிழில் சொல்லிக் காட்டினார், நான் என்னவோ ஒட்டுப்போர்வையைக் கண்ணால் கண்டதே இல்லை என்பதுபோல. அவர் வருஷத்துக்கு ஒன்று தைக்கிறார், அதன் பெயர் கலை. நாம் தைப்பதற்குப் பெயர் சரக்கு.

அது அவருக்கு. நமக்கு வாங்கியது வேறு இடம். ஊருக்கு வெளியே ஒரு கிடங்கு. அங்கே துணியை எடைபோட்டுக் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். மேடம் காரைவிட்டு இறங்கவில்லை. என்னையும் டிரைவரையும் அனுப்பினார். கண்ணைப் பறிக்கிற நிறங்கள் அக்கா, பொய் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போனதும் ஒரு நெடி மூக்கில் ஏறியது. "ஒரு கட்டையாவது டிக்கியில் போட்டுப் போகலாமா" என்று டிரைவர் கேட்டதற்கு, "காருக்குள்ள வேண்டவே வேண்டாம்" என்றார் மேடம். எல்லாம் நேராக உங்களுக்குத்தான் வருகிறது.

பட்டறையில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

---

பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். உன் கடிதத்தை ஊசி பட்டறையில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். துடைப்பம் பற்றிச் சொன்ன இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கட்டுகள் வந்துவிட்டன. துணி மொடமொடவென்று இருக்கிறது, வெட்டினால் ஓரம் பிசிறுவதே இல்லை. பிரித்ததும் எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இது துணிக்கட்டா, வெங்காய மூட்டையா?" என்று கண்ணாடி அக்கா கேட்டாள். ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்றால் மேனேஜர், "தூசி படியும், வெள்ளைத் துணி இருக்கு" என்று சாத்தச் சொல்லிவிட்டார். நெடி போகப்போகப் பழகிவிட்டது.

கண்காட்சிக்கு ஐம்பது போர்வையாவது வேண்டுமாம். இஸ்திரிப் பெட்டி ஒன்றுதான், அதுவும் பாதி நேரம் சூடாவதில்லை. ஆகவே பழைய கதைதான். மடிப்பை எச்சில் தொட்டு நகத்தால் அழுத்திக்கொண்டு தைக்கிறோம். ஊசி இதில் எல்லாரையும் மிஞ்சுகிறாள். இந்தத் தாளில் மீதி இடத்தில் அவள் கிறுக்க வேண்டுமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

சின்னக்கா, எட்டாவது மாடியில இருந்து துப்பினா கீழ விழ எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாத்து எழுது. மேடம் கார் கீழ நிக்கிறப்போ பாத்தா இன்னும் நல்லது. துணி சூப்பர். ஆனா நூலைக் கடிச்சா காய்ச்சல் மாத்திரையைச் சப்பின மாதிரி ஒரே கசப்பு. பெரியக்கா கத்தரிக்கோல் எடுடிங்கிறா. அதை எடுத்து வெட்டிக் கீழ வெக்கிற நேரத்துக்கு நான் ஒரு சதுரமே தெச்சிடுவேன், பல்லு எதுக்கு இருக்கு? வரும்போது ஒரு நல்ல பேனா. ஊசி.

---

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

போன கடிதத்தில் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று விட்டேன். அந்தக் கிடங்கில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். கையில் முழங்கை வரைக்கும் ரப்பர் உறை. நான் ஒரு கட்டைத் திறந்து நிறம் பார்க்கப் போனபோது ஒருவன் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டான். பிறகு துணி துவைப்பதுபோல் இரண்டு கையாலும் கசக்கிக் காட்டினான். ஒருமுறை இல்லை, பல முறை. எனக்கு அவன் பாஷை தெரியாது. காரில் வந்து மேடத்திடம் சொன்னேன். "அவனுங்க அப்படித்தான். நீ கண்டதையும் காதுல வாங்காத" என்றார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் என் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. நான் தொட்டது ஒரே ஒரு கட்டு.

நீங்கள் நாள் முழுக்கத் தொடுகிறீர்கள். தொடுவதோடு விடவில்லை, எச்சில் தொடுகிறீர்கள், கடிக்கிறீர்கள். அக்கா, துணியை வெட்டுமுன் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நன்றாக அலசி, வெயிலில் உலர்த்து. அலசாத துணியை யாரும் தொடக் கூடாது. ஜன்னலைத் திற. மேனேஜர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல். ஊசியிடம் சொல், பல்லு சோறு மெல்லுவதற்கு.

உடனே பதில் போடு.

உன் தங்கை

---

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமாக இருக்கிறோம் என்று நீ நம்ப வேண்டும்.

நீ சொன்னபடி ஒரு கட்டு முழுவதையும் அலசினோம். எப்படி அலசினோம் என்று கேள். இங்கே ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் குழாயில் தண்ணீர் வருகிறது, அதை மறந்துவிட்டாயா? குடிக்கிற குடத்தையெல்லாம் அதில் ஊற்றினோம். கொதிக்க வைக்க விறகு எங்கே? கண்ணாடி அக்கா தன் வீட்டு விறகைக் கொண்டுவந்தாள். துணி உலர்ந்து எடுத்தால் சாயம் போய், மொடமொடப்பு போய், சுருங்கிக் கிடந்தது. மேனேஜர் அதைக் காலால் தள்ளினார். "இது என்ன, கரித்துணியா? மேடத்துக்குப் புதுத்துணி பளபளப்பு வேணும். பிரிச்சது பிரிச்சபடி தைக்கணும். இன்னொரு தடவை தண்ணியில போட்டீங்க, பட்டறையும் கிடையாது, பின்னாடி இருக்கிற வீடும் கிடையாது" என்றார்.

பட்டறை அவர்களுடையது, நாம் குடியிருக்கிற இரண்டு அறையும் அவர்களுடையது. அம்மா செத்த வருஷம் உங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு எங்கே நின்றேன் என்பது உனக்கு நினைவிருக்காது, நீ சின்னவள். எனக்கு நினைவிருக்கிறது. எட்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு அலசு என்று எழுதுவது சுலபம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்தால் தாளில் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். எழுத்து கோணிக்கொண்டு போகிறது, கண் எரிச்சல்தான் காரணம், வேறில்லை. ஊசிக்குக் கொஞ்சம் சளி. பருவம் மாறுகிறதல்லவா.

அக்கா

சின்னக்கா, எனக்கு இப்ப எதைத் தின்னாலும் காசை நக்குன ருசிதான். பெரியக்கா சமையலுக்கு அது எவ்வளவோ தேவலை. ஊசி.

---

மார்ச் 25

அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். என் கையில் தோல் வளர்ந்துவிட்டது.

நீ திட்டியதில் தப்பில்லை. ஆனால் நீ தண்ணீர் இல்லை என்று எழுதிய கடிதத்தை நான் படித்தபோது, இங்கே இயந்திரம் மருமகளின் இரவு உடைகளை மூன்றாவது தடவையாக அலசிக்கொண்டிருந்தது. சோப்பு வாசனை ஆகவில்லையாம்.

மேடத்திடம் நேராகவே கேட்டேன். அவர் தன் நீலத்துணியை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கிடங்குத் துணியில ஏதோ மருந்து இருக்கு. அலசாம தைக்கக் கூடாது. அங்க புள்ளைங்களுக்கு உடம்புக்கு முடியல."

"யார் சொன்னா?"

"அக்கா எழுதியிருக்கா."

"உங்க அக்காவுக்கு வேலையை இழுக்கணும்னா ஒரு காரணம் வேணும். புதுத்துணின்னா வாசனை வரத்தான் செய்யும். ஏன், நானும்தான் தைக்கிறேன், எனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"இது அந்தத் துணி இல்லையே மேடம்."

அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். "உன்னை வெளிநாடு கூட்டிட்டு வந்தேன் பாரு" என்றார். அவ்வளவுதான்.

நான் ஊருக்குப் போக வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்றேன். கண்காட்சி முடியாமல் இல்லை என்றார்.

ஊசியைத் தையலில் உட்காரவிடாதே. பஞ்சு அடைக்கிற வேலையில் போடு, இல்லை வீட்டிலேயே வை. மேனேஜர் ஆள் குறைகிறது என்றால் என் பெயரைச் சொல்லித் திட்டு. அவள் கையால் அவளே எழுதி அனுப்பச் சொல்.

உன் தங்கை

---

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எல்லாரும் நலமா என்று எழுதக் கை வரவில்லை.

கடிதம் வழியில் தொலைந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். கீழே தபால்பெட்டிச் சாவி மகனிடம் இருக்கிறது. தினம் அவர் வேலையிலிருந்து வரும்போது லிப்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். "ஒண்ணும் இல்லம்மா" என்று அவர் கையை விரிப்பார். மனுஷன் கெட்டவர் இல்லை. கேட்டால் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்ல மாட்டார்.

இங்கே ஆண்குழந்தை பிறந்திருக்கிறது. அதற்குப் போடுகிற சட்டை, சுற்றுகிற துணி, தொட்டில் விரிப்பு எல்லாவற்றையும் இரண்டு முறை கொதிநீரில் அலசிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். மேடத்தின் உத்தரவு. கடையில் வாங்கிய புதுத்துணிகூட அலசாமல் குழந்தை கிட்டே போகக் கூடாதாம். "புதுசுலதான் ஆபத்து ஜாஸ்தி" என்றார். அவர் வாயால் சொன்னார் அக்கா. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஊசிக்குப் பேனா வாங்கிவிட்டேன். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, வைதாவது எழுதிப் போடு.

உன் தங்கை

---

மே 6

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. ஐம்பது போர்வையும் முடித்து அனுப்பியாகிவிட்டது.

ஊசி சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஓய்வாக இருக்கட்டும் என்று நான்தான் அனுப்பினேன். உன்னை விசாரித்தாள்.

விட்டு விட்டு எழுதுகிறேன். அடுத்த முறை நிறைய எழுதுகிறேன்.

அக்கா

---

மே 22

அக்கா,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ பொய் சொல்கிறாய்.

எந்தச் சித்தி? அம்மா செத்தபோது வாசலோடு திரும்பிப் போனவளா? அவள் வீட்டில் ஊசியை ஓய்வெடுக்க அனுப்பினாயா? வேறு ஆளிடம் சொல் இதை.

போர்வைகள் வந்துவிட்டன. மேடம் பெட்டிகளை வீட்டுக்குள் பிரிக்கவிடவில்லை. பின்பக்கத்துத் திறந்த மாடத்தில் வைக்கச் சொன்னார். எனக்கு ரப்பர் உறை வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆமாம் அக்கா, எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு போர்வையையும் குளியல் தொட்டியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பிறகு இயந்திரத்தில் போட்டு, வாசனைத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டுமாம். "வாங்குறவங்க மூஞ்சியில வெச்சுப் பாப்பாங்க. நெடி வரக் கூடாது" என்றார்.

முதல் போர்வையை நனைத்தேன். தண்ணீர் இஞ்சிச்சாறுபோல மஞ்சளாகி, மேலே எண்ணெய் மிதந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அலசினால் கரித்துணி ஆகிவிடும் என்று உன் மேனேஜர் சொன்னாரே, ஆகவில்லை. உள்ளே பஞ்சு இருப்பதால் சுருங்கினாலும் அழகாகத்தான் இருக்கிறது. மேடம் தடவிப் பார்த்து, "இதான், பழைய காலத்துப் போர்வை மாதிரி வந்திருக்கு" என்று மகிழ்ந்துபோனார். கடைசியில் அலசத்தான் போகிறார்கள் என்றால் முதலில் அலசவிடாதது எதற்கு? நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மொடமொடப்பாக இருந்தால் சீக்கிரம் தைக்கலாம். கண்காட்சிக்கு நேரத்தில் வந்துவிடும். அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஊசி இடதுகைக்காரி. அவள் தையல் இடப்பக்கம் சாயும், பட்டறையில் வேறு யாருக்கும் அப்படிச் சாயாது. ஒவ்வொரு போர்வையாகப் பிரித்து விரலால் தடவிப் பார்த்தேன். நிறைய இருக்கிறது அவள் தையல். சிவப்பும் பச்சையுமாக ஒரு போர்வை, அதன் நடுவில் ஒரு சதுரத்தில் இடப்பக்கம் சாய்ந்து வருகிற தையல் அப்படியே அறுபட்டு நிற்கிறது. நூலை முடிச்சுப் போடவில்லை. அதே ஓட்டையில் வேறொருத்தி ஊசியைக் குத்தி வலப்பக்கமாகக் கொண்டுபோயிருக்கிறாள். அந்தச் சாய்வு எனக்குத் தெரியாதா, அது நீ.

மூலையில் தைத்திருக்கிற எண்ணை வைத்துப் பார்த்தால், அதற்கப்புறம் எந்தப் போர்வையிலும் அவள் தையல் இல்லை.

அந்தச் சதுரத்தில் என்ன நடந்தது?

உன் தங்கை

---

ஜூன் 7

தங்கைக்கு,

நீ கேட்டதைச் சொல்கிறேன்.

கொஞ்ச நாளாகவே அவள் மூச்சுவிட்டால் விசில் சத்தம் வந்தது. "பெரியக்கா, எனக்குள்ள யாரோ ரயில் விடுறாங்க" என்று சிரிப்பாள். வீட்டில் இரு என்றால், ஆள் குறைந்தால் போர்வை முடியாது, உன்னை அந்த மேனேஜர் கத்துவான் என்று வந்து உட்கார்ந்துவிடுவாள். நானும் உட்காரவிட்டேன். அன்றைக்கு நூலைக் கடிக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. கண்ணாடி அக்காவும் நானும் தூக்கிக்கொண்டு ஓடினோம். மறுநாள் வந்து அவள் விட்ட இடத்திலிருந்து நான் தைத்தேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

ஆஸ்பத்திரியில் காசநோய் வார்டில் வைத்திருக்கிறார்கள். மருந்தும் மாத்திரையும் கொடுக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. சளியைச் சோதித்தால் காசநோய்க் கிருமி இல்லையாம். டாக்டருக்கே பிடிபடவில்லை. சேர்த்த அன்று அவர், "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று கேட்டார். மேனேஜர் என் பக்கத்தில் நின்றிருந்தார். "வீட்டு வேலைங்க" என்றேன்.

மருந்துச் செலவை மேனேஜர் பார்த்துக்கொள்கிறார். பட்டறை பற்றிப் பேச்சு வெளியே போனால் அது நிற்கும் என்றார். அது மட்டுமில்லை, பட்டறையை மூடினால் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு எரியாது என்றார். அதிலும் பொய் இல்லை. கண்ணாடி அக்கா புருஷன் படுத்த படுக்கை, உனக்குத் தெரியும்.

டாக்டர் தினமும் அதே கேள்வியைக் கேட்கிறார், வேறு வேறு மாதிரி. வீட்டில் சுண்ணாம்பு அடித்தீர்களா, பக்கத்தில் தொழிற்சாலை இருக்கிறதா, பூச்சிமருந்து எதையாவது குடித்துவிட்டாளா, காதல் விவகாரமா என்றுகூடக் கேட்டுவிட்டார். ஊசி அதற்கும் சிரித்தாள், சிரித்து மூச்சு முட்டியது. நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

என்னைத் திட்டி எழுது. படிக்கிறேன்.

அக்கா

---

ஜூன் 20

அக்கா,

திட்ட நேரமில்லை. இதைப் படித்தவுடன் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ. மீதியை நடந்துகொண்டே படி.

உன் கடிதம் வந்த அன்று மேடம் குழந்தையின் தொட்டிலுக்கு ஒரு போர்வை எடுத்துவரச் சொன்னார், சொந்தப் பட்டறையில் தைத்தது என்று சொல்லிக்கொள்ள. அலசி மடித்தவை ஒரு பக்கம், அலசாதவை ஒரு பக்கம். நான் அலசாததைத்தான் எடுத்தேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன். ஆனால் உள்ளே போகவில்லை, வாசலிலேயே நின்றேன். குழந்தை பக்கம் அது போகவே இல்லை, நீ பயப்படாதே.

மேடம் திரும்பிப் பார்த்தார். "அலசினதுதானே?"

"இல்ல மேடம்."

அவர் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. "வெளிய போ! வெளிய போடி! பச்சப்புள்ள இருக்கிற எடத்துல விஷத்தைக் கொண்டாந்து நிக்கிறா!"

விஷம் என்று அவர் சொன்னார். நான் சொல்லவில்லை.

மகன் ஓடிவந்தார். நான் அவரிடம் கேட்டேன். நான்தான் சொன்னேனே, கேட்டால் பதில் சொல்கிற ஆள். "சார், இதுல என்ன போட்டிருக்காங்க?" அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அது வெள்ளத்துல நனைஞ்ச சரக்கு. பூஞ்சை புடிக்காம இருக்க மருந்து அடிச்சு வெச்சிருந்தாங்க. அலசாம ஆள் தொடக் கூடாதுன்னு விலை பேசும்போதே கிடங்குக்காரன் என்கிட்ட சொல்லித்தான் வித்தான். அம்மாகிட்ட சொன்னேனே." மருந்தின் பெயரையும் கேட்டு வாங்கினேன். தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் கொடு. கொடுத்தால் மட்டும் போதாது, உன் வாயால் சொல்ல வேண்டும். எவ்வளவு காலம், பூட்டிய அறையில், எச்சில் தொட்டு, பல்லால் கடித்து. அதைச் சொல்லாவிட்டால் அவர்கள் இல்லாத காசநோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த மருந்து முடியும்போது அவளும் முடிந்துவிடுவாள்.

மேனேஜர் கொடுக்கிற காசு மருந்துக்கு இல்லை, உன் வாய்க்கு.

வீடு போனால் போகட்டும். தெருவில் நிற்பதும் நமக்குப் புதிதில்லை.

மீதிப் போர்வைகளை நான் அலசவில்லை. கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கிறது. பாஸ்போர்ட் கையில் வந்தால் தொட்டியில் தண்ணீர் திறப்பேன் என்று சொல்லிவிட்டேன். போலீசைக் கூப்பிடுவேன் என்கிறார் மேடம். கூப்பிடட்டும், அவர்களும் வந்து இதை மோந்து பார்க்கட்டும். இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் வேலை செய்கிற பெண்ணிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

போ அக்கா.

உன் தங்கை

---

ஜூலை 4

அன்புத் தங்கைக்கு,

போனேன். மேனேஜர் வார்டு வாசலில் இருந்தார். "இன்னைக்கு நீங்க இருக்க வேண்டாம்" என்றேன். சிரித்துக்கொண்டே என்கூட உள்ளே வந்தார். பரவாயில்லை என்று அவர் முன்னாலேயே சொன்னேன்.

"டாக்டர், வீட்டு வேலைன்னு சொன்னது பொய். அவ தையல்காரி. இந்த மருந்து போட்ட துணி. ஜன்னல் சாத்தின அறை. நூலை வாயாலதான் கடிப்பா."

டாக்டர் தாளை வாங்கிப் படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மேனேஜர் மெல்ல நழுவினார். "இத்தனை நாள் இதைத்தானேம்மா உன்கிட்ட கேட்டுட்டு இருந்தேன்" என்றார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. உடனே நர்சைக் கூப்பிட்டுப் பழைய மருந்தை நிறுத்தச் சொன்னார். ஊசியை அந்த வார்டிலிருந்து வேறு அறைக்கு மாற்றினார்கள், மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். நுரையீரல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாதாம். முன்பு ஒன்றும் பிடிபடவில்லை என்று சொன்னதைவிட இது நல்ல பதில் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு நாளாக விசில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நேற்று நர்சிடம் ஏதோ வம்பு பேசித் திட்டு வாங்கினாள்.

அன்று சாயங்காலமே நம் சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்துவிட்டார்கள். கண்ணாடி அக்கா தன் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்திருக்கிறாள். பட்டறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. எல்லாரும் என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேர் திட்டினார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. டாக்டர் தாளை மடித்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்களும் அதே அறையிலதானே?" என்றார். ஆமாம் என்றேன். "எவ்வளவு நாளா இருமுறீங்க?" நான் இருமவில்லை என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது. முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார். "மூச்சை நல்லா இழுங்க." இழுத்தேன். "இன்னும் இழுங்க." "அவ்ளோதாங்க வருது" என்றேன். காதுக்குழாயை முதுகில் வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார். பிறகு கண்ணாடி அக்காவைக் கூப்பிட்டார், அப்புறம் ஒவ்வொருத்தராக.

உனக்கு எழுதிய ஒரு கடிதத்திலும் நான் இதைச் சொல்லவில்லை. நீ ஊசியைத்தான் கேட்டாய், நானும் ஊசியைப் பற்றித்தான் எழுதினேன்.

பாஸ்போர்ட் கிடைத்தால் உடனே வா. கிடைக்காவிட்டாலும் ஏதாவது செய்து வா. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதைக் கடிதத்தில் எழுத எனக்கு விருப்பமில்லை.

இதைக் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், ஊசியின் கட்டிலுக்கு அடுத்தது. காலையில் அவள் கண் விழித்து, நான் நோயாளிச் சட்டையில் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"பெரியக்கா, நீ எதுக்கு இங்க படுத்திருக்க?"

துணைக்கு என்றேன்.

"துணைக்கு வந்தவங்களுக்கெல்லாம் இங்க கட்டில் குடுக்கிறாங்களா? பரவால்லையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்கா